சேமலாப நிதியும் பிள்ளையின் படிப்பும்

தன் முதுமைக்கென்று சேர்ந்த பணத்தைப் பிள்ளையின் உயர்கல்விக்காகச் செலவிடலாமா என்ற வினா, முதற்பார்வைக்குக் குடும்ப வரவு செலவைச் சார்ந்த சிறு வினாவாகவே தோன்றும். செல்வர்க்கு இவ்வினா எழுவதேயில்லை. அவர்கள் பிள்ளையையும் படிக்க வைப்பர், முதுமையிலும் குறைவின்றி வாழ்வர். நாட்கூலிக்கு அங்குமிங்கும் அலையும் பரம ஏழைக்கும் இது எழுவதில்லை. அவனுக்குச் சேமிப்பென்று ஒன்று இருந்தாலன்றோ அதை எதற்குச் செலவிடுவதென்ற கேள்வி பிறக்கும்! மாதந்தோறும் ஊதியத்தில் ஒரு பகுதியைச் சட்டமே பிடித்து ஒதுக்கிவைக்கும் தொழிலாளியின் வீட்டிலேதான் இவ்வினா உயிரோடு உலவுகிறது. கண்டி நகரைச் சூழ்ந்த மலைகளில், ஹந்தானையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் வீடுகளில் இது எவ்வாறு எழுகிறது என்பதை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வது பொருத்தமென நாம் கருதுகிறோம்.

முதலில் பணம் எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் தோன்றியது. அச்சட்டம் வந்தபோது தொழில் அமைச்சராயிருந்தவர் டி. பி. இலங்கரத்ன. கண்டிப் பகுதியைச் சேர்ந்தவர். அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராக நின்று, 1947ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தில் அரசாங்க உத்தியோகத்தை இழந்தவர். பின்னாளில் ‘அம்ப யஹலுவோ’ என்ற சிறுவர் நாவலை எழுதி, வேறுவேறு சமூக நிலையிற் பிறந்த இரு பள்ளிச் சிறுவர்களின் நட்பைச் சிங்கள இலக்கியத்தில் நிலைபெறச் செய்தவர். ஓய்வூதியம் என்பது அரசாங்க உத்தியோகத்தரின் தனியுரிமையாக இருந்த காலத்தில், தனியார்துறைத் தொழிலாளிக்கும் முதுமையில் ஒரு பிடி இருக்கவேண்டும் என்ற கோரிக்கையின் விளைவே இந்நிதி. இன்று தொழிலாளியின் ஊதியத்திலிருந்து 8 வீதமும், முதலாளியின் பங்காக 12 வீதமும் அதிற் சேர்கின்றன. 1980ஆம் ஆண்டில் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திற்கு முதலாளி இன்னுமொரு 3 வீதம் செலுத்த வேண்டும்.

முதலாளியின் பங்கு என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். இச்சொல்லே மயக்கம் தருவது. அந்தப் 12 வீதம் முதலாளியின் தயாளத்தினின்றும் ஊறி வருவதன்று. செய்த வேலைக்குரிய ஊதியத்தில் இன்று தராது பின்னர் தருவதாக ஒப்புக்கொண்ட பகுதி அது. ஆகவே 20 வீதமும் தொழிலாளியின் உழைப்பே. பிந்திக் கிடைக்கும் கூலியே. பின்வரும் விசாரணை முழுவதற்கும் இது அடிப்படையாகும்.

தொகை எவ்வளவு? 2021ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயாக்கப்பட்டது. நீண்ட இழுபறிக்குப்பின் 2024இல் 1350 ரூபாயாயிற்று. அந்த 1350 ரூபாயை வைத்தே கணக்கிடுவோம். மாதத்தில் 25 நாள் வேலை கிடைத்தால் 33,750 ரூபாய். தொழிலாளியின் 8 வீதம் 2700. மற்றப் 12 வீதம் 4050. ஆக மாதம் 6750 ரூபாய், ஆண்டுக்கு 81,000 ரூபாய் அவள் பெயரிற் சேர வேண்டும். சேர வேண்டும் என்றுதான் சொல்லலாம். ஏனெனில் 25 நாளும் வேலை கொடுக்காத தோட்டங்கள் உண்டு. மிச்ச நாட்களில் கைக்காசுக்குக் கொழுந்து பறித்தால் கிலோவுக்கு இவ்வளவென்று கையிற் காசு விழும். செக்ரோலில் பெயர் விழாது, சேமலாப நிதிக்கும் ஒரு சதமும் போகாது. இன்றைய கையிருப்பைக் கூட்டி நாளைய பிடியைக் குறைக்கும் இந்த முறையைத் தொழிலாளியும் சில வேளை விரும்பி ஏற்கிறாள் என்பார்கள். பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கவேண்டிய வாரத்தில் அவள் வேறெதை விரும்புவாள்?

இனி மற்றத் தட்டைப் பார்ப்போம். இலங்கையில் கல்வி இலவசமன்றோ, பிறகு செலவேது என்று வெளிநாட்டார் கேட்கலாம். உள்நாட்டிலும் கேட்போர் உளர். 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, கீழ்வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணத்தை நீக்கியது. இந்நாட்டின் வரலாற்றில் இதனினும் பெரிய சமுதாயச் சாதனைகள் மிகச் சிலவே. ஆனால் அச்சாதனையின் வாயிற்படியில் யார் நிறுத்திவைக்கப்பட்டனர் என்பதையும் மறக்கலாகாது. தோட்டப் பாடசாலைகள் 1970களிலேயே பெரும்பாலும் அரசின் கைக்கு வந்தன. அதுவரை மூன்று தசாப்தங்கள், ஐந்தாம் வகுப்பிற்குமேல் செல்ல வழியற்ற பிள்ளைகள் கொழுந்துக் கூடையோடு மலையேறினர். அவர்கள் பறித்த தேயிலை ஈட்டிய அந்நியச் செலாவணியோ நாட்டின் பாடசாலைகளையும் மருத்துவமனைகளையும் நடத்த உதவிற்று. ஹந்தானை மலையின் அடிவாரத்திலேதான் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மேலே தேயிலை மலை, கீழே கலாசாலை. இரண்டிற்குமிடையே சில மைல் தூரமே. அந்தத் தூரத்தை ஒரு குடும்பம் கடக்க எத்தனை தலைமுறை ஆயிற்று என்று கணக்கிட்டால் இலவசம் என்ற சொல்லின் விலை ஓரளவு விளங்கும்.

இன்று கட்டணமில்லை, செலவுண்டு. உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படிக்கவேண்டுமாயின், அப்பாட ஆசிரியர் இல்லாத தோட்டப்புறப் பாடசாலையை விட்டுப் பிள்ளை நகரத்துக்கு வரவேண்டும். அறை வாடகை, பஸ் கட்டணம், சாப்பாடு. இவற்றிற்கு மேலாக, மாலையிலும் சனி ஞாயிறிலும் தனியார் வகுப்பு. இந்தத் தனியார் வகுப்பைப் பற்றி நம் வாசகர்களான ஆசிரியர்களிடம் ஒளிவுமறைவின்றிப் பேசவேண்டும். பகலில் வகுப்பறையில் முடிக்கவேண்டிய பாடத்தை மாலையில் கொட்டகையிற் காசுக்கு முடிக்கும் வழக்கம் நம் தொழிலினுள்ளேயே வேரோடிவிட்டது. கொழுந்து பறிப்பவளின் மாதச் சம்பளத்தில் பெரும் துண்டு அரசாங்கத்துக்கோ கம்பனிக்கோ போகவில்லை. நம்மவர் கைக்கே வருகிறது. குறைந்த சம்பளத்தால் ஆசிரியரும் அவ்வழிக்குத் தள்ளப்படுகிறார் என்பது உண்மை. அந்த உண்மையால் அவளுடைய செலவு ஒரு ரூபாயேனும் குறைவதில்லை.

பல்கலைக்கழக அனுமதியிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. கலைத்துறை நீங்கலாக ஏனைய துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் அடங்கும், கண்டி அடங்காது. கண்டி நகரின் புகழ்பெற்ற கல்லூரிகள் மாவட்டத்தின் சராசரியை உயர்த்திவிடுகின்றன. அந்தக் கல்லூரிகளின் மாணவனோடு, அதே மாவட்டப் பங்கிற்காக, கலஹாவின் மேற்பிரிவு லயத்திலிருந்து வரும் மாணவி போட்டியிட வேண்டும். சிறு புள்ளி வித்தியாசத்தில் இடம் தவறினால், கையில் உயர்தரச் சித்தியும் முன்னால் தனியார் பட்டக் கல்லூரியின் விளம்பரமும் நிற்கும். அங்கே கட்டணம் இலட்சக்கணக்கில். 2017 முதல் அரசு சாராக் கல்வி நிறுவனங்களிற் படிக்க வட்டியில்லாக் கடன் திட்டமொன்று நடைபெற்று வருவது உண்மையே. அதிலும் எல்லோர்க்கும் இடமில்லை. அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர்க்கும் மகாபொலப் புலமைப்பரிசில் 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலேதான் மாதம் 5000 ரூபாயிலிருந்து 7500 ஆயிற்று. மிச்சத்தை வீடு அனுப்ப வேண்டும்.

வீட்டில் என்ன இருக்கிறது? காதிலிருக்கும் தோடு, சீட்டு, நுண்கடன் கம்பனி. பிறகு, கைக்கெட்டாத உயரத்தில் சேமலாப நிதி.

ஏன் கைக்கெட்டவில்லை? நிதியைப் பெறும் சந்தர்ப்பங்களைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. பெண்ணுக்கு 50 வயது, ஆணுக்கு 55 வயது ஆகவேண்டும். அன்றேல் நிரந்தரமாக வேலைசெய்ய இயலாமற் போகவேண்டும். அன்றேல் ஓய்வூதியமுள்ள அரசாங்க வேலை கிடைக்கவேண்டும். பெண்ணாயின் திருமணத்தின் பொருட்டு வேலையை விட்டு நீங்கலாம். நாட்டைவிட்டு நிரந்தரமாக வெளியேறினாலும் பெறலாம். இறந்தால் வாரிசு பெறலாம். இப்பட்டியல் ஒரு சமுதாயம் எவற்றை வாழ்வின் திருப்பங்களாக மதித்தது என்பதைச் சொல்லும் ஆவணமுமாகும். பெண் மணம் முடித்து வீட்டுக்குள் அடங்குவதைச் சட்டம் எதிர்பார்த்தது. அதற்குப் பணம் திறந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் கண்டி மாவட்டத் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் இரயிலேறித் தலைமன்னார் சென்று கப்பலேறின. அவர்களுக்கும் நாட்டைவிட்டு வெளியேறுபவர் என்ற வகையிற் சேமலாபப் பணம் கிடைத்தது. போவதற்குத் தடையின்றித் திறந்த நிதி, இங்கேயே இருந்து பிள்ளையைப் படிப்பிக்க விரும்பிய தொழிலாளிக்குத் திறக்கவில்லை.

2012ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்தது. வீட்டுக்காகவும் மருத்துவச் சிகிச்சைக்காகவும், சில நிபந்தனைகளோடு, கணக்கிலுள்ள தொகையில் 30 வீதத்தை முன்கூட்டியே பெறலாம். கல்வி அதிற் சேர்க்கப்படவில்லை. தன் பெயரிற் காணியோ வீடோ இல்லாத லயத்துவாசிக்கு வீட்டுக்கென்று திறந்த வாயில் எத்துணைப் பயன் தரும் என்பதையும் வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

கால ஒழுங்கையும் கவனிக்க வேண்டும். இருபது, இருபத்திரண்டு வயதில் தாயாகும் பெண்ணின் மூத்த பிள்ளை உயர்தரம் படிக்கும்போது அவளுக்கு நாற்பது. பட்டம் பெறும்போது நாற்பத்தாறு. நிதி கைக்கு வருவது ஐம்பதில். தேவை உச்சத்திலிருக்கும் பத்தாண்டும் பணம் பூட்டிலிருக்கிறது; தேவை கடன் பத்திரமாக மாறியபின் பூட்டுத் திறக்கிறது. சேமலாப நிதி பிள்ளையின் படிப்புக்குச் செலவாகலாமா என்று சட்ட அறிஞர் விவாதிக்கலாம். நடைமுறையில் அது செலவாகியே விட்டது. ஐம்பது வயதில் வரும் பணம் பழைய கடனை அடைக்கப் போகிறது, வட்டியோடு போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணொருத்தியின் கணக்கில் 600,000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். அதில் 30 வீதமான 180,000 ரூபாயை மகளின் படிப்புக்காக எடுக்கிறாள். எடுக்காதிருந்தால், ஆண்டுக்கு 9 வீத வருவாயில், ஏழாண்டின் பின் அத்தொகை ஏறத்தாழ 329,000 ரூபாயாயிருக்கும். அதுவே அவளுடைய இழப்பு. சிறிய இழப்பன்று. இனி, அவளுக்கு எடுக்க அனுமதியில்லை என்போம். அதே 180,000 ரூபாயை மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வெளியில் வாங்குகிறாள். மாதம் 9000 ரூபாய் வட்டி. இரண்டாண்டில் 216,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். முதல் அப்படியே நிற்கும். முதுமையைக் காப்பதற்கென்று போட்ட பூட்டு எவன் வீட்டுப் பெட்டியைக் காக்கிறது என்பது இக்கணக்கிற் புலப்படுகிறது.

அமெரிக்காவில் இவ்விடயத்தைப் பற்றி ஆலோசனை கூறுவோர் அடிக்கடி சொல்லும் நியாயமொன்றுண்டு: கல்விக்குக் கடன் வாங்கலாம், முதுமைக்கு எவரும் கடன் தரமாட்டார், ஆதலால் ஓய்வுகாலச் சேமிப்பைத் தொடாதே என்பது அது. தனியார் ஓய்வுகாலக் கணக்கிலிருந்து உயர்கல்விக்காக எடுப்பவர்க்குத் தண்டவரியை நீக்கும் சட்டம் அந்நாட்டில் 1997இலேயே வந்துவிட்டது. ஆயினும் ஆலோசகர்கள் எச்சரிக்கையை நிறுத்தவில்லை. அவர்களின் நியாயம் தவறென்று சொல்ல மாட்டோம். அந்த நியாயம் நிற்கும் தரை வேறு. கல்விக்கென்று முறையான கடன் கொடுக்கும் வங்கி வாயிலில் நுழையத்தக்கவனுக்கே அது பொருந்தும். அடமானம் வைக்கக் காணியில்லாதவளிடம் ‘கடன் வாங்கு’ என்று சொல்வது, அவளை வட்டிக்காரனிடம் கைபிடித்து அழைத்துச் செல்வதேயாகும்.

சேமிப்பைத் தொடலாகாது என்போர் வேறொரு வாதத்தையும் முன்வைப்பர். தொழிலாளி தொலைநோக்கற்றவன், பணத்தை அவன் கையிற் கொடுத்தால் அழித்துவிடுவான், ஆகவே அவனுக்காக அரசு காவல் காக்கிறது என்பார்கள். காவலன் என்ன செய்தான் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. 2022இல் நாடு வங்குரோத்தடைந்தபோது, செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அவ்வாண்டில் நிதியின் அங்கத்தவர்க்கு வழங்கிய வட்டி 9 வீதம். இருபதாண்டு பறித்த கொழுந்தின் பெறுமதி பன்னிரண்டு மாதத்திற் கரைந்தது. மறு ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. சேமலாப நிதியின் பெருந்தொகை அரசின் திறைசேரி முறிகளிலேயே இருந்தது. அம்முறிகளைக் கொடுத்து நீண்டகாலப் புதிய முறிகளை ஏற்கவேண்டும். 2026 வரை 12 வீதமும் அதன்பின் 9 வீதமும் வட்டி. ஏற்காவிட்டால் வருமானத்தின்மீது 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி. கத்தியைக் காட்டிக் கேட்பதற்கு வரிச்சட்டத்தில் இவ்வாறு பெயரிட்டனர். வங்கிகளின் முறிகள் இந்த மாற்றத்திற்கு வெளியே விடப்பட்டன என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும். 2023ஆம் ஆண்டிற்கு 13 வீத வட்டி வழங்கப்பட்டதைச் சுட்டிக்காட்டுவோர் முந்திய ஆண்டின் கணக்கைச் சேர்த்துப் பேசுவதில்லை.

ஆகத் தேசத்தின் நெருக்கடிக்கு இந்தப் பணம் உதவலாம். அதைச் சேர்த்தவளின் வீட்டு நெருக்கடிக்கு உதவலாகாது. இந்த நியாயத்தை எந்த அறவியல் நூலிலும் நாம் கண்டதில்லை. தொழிலாளிக்குத் தொலைநோக்கில்லை என்ற பழிக்கும் இங்கே விடையுண்டு. தன் மகள் கூடை சுமக்கலாகாது என்று பதினைந்தாண்டுக்கு முன்னரே தீர்மானித்து, அதற்காகத் தோட்டை அடகு வைப்பவளைவிடத் தொலைவில் நோக்கியவர் எவர்? காசை எங்கே இட்டால் பலனளிக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

இவ்வளவும் சொன்னபின், பணத்தை எடுக்க அனுமதித்துவிட்டால் போதும் என்று முடித்துவிட நாம் ஆயத்தமாயில்லை. மறுபுறத்திலும் வலுவான நியாயங்கள் இருக்கின்றன. அவற்றுள் முதலாவது லயத்தைப் பற்றியது. தோட்டத்தில் குடியிருப்பு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலையினின்றும் ஓய்ந்த தாயும் தந்தையும் அறையில் நிம்மதியாகத் தொடர்ந்து வாழ்வது, குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்திற் பெயர் பதிந்து வேலைசெய்வதைப் பெரிதும் பொறுத்தது. மகள் பட்டதாரியானால் பெயர் பதிய ஆளில்லை. படிப்பின் வெற்றியே பெற்றோரின் கூரையை ஆட்டங்காணச் செய்கிறது. அந்த வேளையில் கையிலிருக்கும் சேமலாபப் பணமே அவர்களுக்கு மிஞ்சிய ஒரே பலம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி, நாட்கூலி பெறுபவர்க்குச் சேவை ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம் உண்டு. அதுவும் நீண்டநாள் நிற்கும் தொகையன்று. நகரத்து உத்தியோகத்தன் முதுமைச் சேமிப்பைச் செலவிட்டால் அவனுக்குச் சொந்த வீடாவது இருக்கும். இவளுக்கு நிலமுமில்லை.

இரண்டாவது, வீட்டினுள் நடக்கும் பங்கீடு. கொழுந்து பறிப்போரிற் பெரும்பான்மையோர் பெண்கள். ஒழுங்காகச் சந்தா சேரும் கணக்குப் பல வீடுகளில் தாயின் கணக்கே. கணக்குத் திறக்குமானால் முதலில் வற்றுவது தாயின் முதுமை. யாருக்காக? மகனுக்கென்றால் தயக்கமின்றியும், மகளுக்கென்றால் ‘எப்படியும் கட்டிக் கொடுத்துவிடப் போகிறோம்’ என்ற முணுமுணுப்போடும். வள்ளுவர் ஒரே அதிகாரத்தில் தந்தை மகனுக்குச் செய்யவேண்டியதையும் மகன் தந்தைக்குச் செய்யவேண்டியதையும் கூறினார்; தாய்க்கு அங்கே கிடைப்பது மகனைப் பிறர் புகழக் கேட்கும் மகிழ்ச்சி. நம் மலையகத்திலோ செலவைத் தாங்குபவள் அவளே. பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் ‘தாயின் தியாகம்’ என்று நெகிழ்ந்து பேசுவது நம் ஆசிரியர்களிடையே ஒரு மரபாகிவிட்டது. அந்த மரபு நமக்கு உவப்பானதன்று. தியாகம் என்று புகழப்படும் ஒன்றைச் செய்ய மறுக்கும் உரிமை, புகழப்படுபவளுக்கு இல்லாமற் போய்விடுகிறது. ஒரு தாய், ‘இந்தப் பணம் என் கடைசிக் காலத்துக்கு, இதைத் தரமாட்டேன், வேறு வழி பார்ப்போம்’ என்று சொன்னால் அவள் கெட்ட தாயென்று நாம் கருதலாகாது. எடுக்கும் உரிமையைப் பேசும்போது, எடுக்காதிருக்கும் உரிமையையும் சேர்த்தே பேசவேண்டும்.

மூன்றாவது நியாயம் அரசியல் சார்ந்தது; நம் பார்வையில் மிகக் கனமானதும் அதுவே. பெற்றோரின் சேமலாப நிதி கல்விக்குத் திறந்துவிட்டது என்ற செய்தி பரவினால் முதலில் மகிழ்வோர் யார்? தனியார் பட்டக் கல்லூரிகளின் முகவர்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் விளம்பரத் தாளோடு வருவார்கள். அடுத்து மகிழ்வது நிதியமைச்சு. பல்கலைக்கழக இடங்களைப் பெருக்கு, தோட்டப்புறத்துக்கு விஞ்ஞான ஆசிரியரை அனுப்பு, விடுதி கட்டு என்று கேட்பவர்களிடம், ‘உங்கள் பணம் உங்கள் கணக்கிலிருக்கிறதே’ என்று சொல்ல வழி கிடைத்துவிடும். 1945இல் சமுதாயம் முழுவதும் தோளிற் போட்டுக்கொண்ட பாரம், ஒவ்வொரு தாயின் கணக்கிலும் தனித்தனியே இறக்கிவைக்கப்படும். உரிமை தருவது போல் வந்து கடமையிலிருந்து நழுவும் உத்தி நமக்குப் புதிதன்று.

வேறு நாடுகள் என்ன செய்தன என்று பார்த்தால், நம் எண்ணத்தைத் தெளிவாக்கிக்கொள்ள உதவும். இந்தியாவின் வருங்கால வைப்பு நிதியில், ஏழாண்டு அங்கத்தவராயிருந்தவர் பிள்ளைகளின் மெட்ரிக்குலேசனுக்குப் பிந்திய கல்விக்காகத் தம் சொந்தச் சந்தாவிலும் அதன் வட்டியிலும் பாதியை எடுக்கலாமென்ற விதி நெடுங்காலம் இருந்து வந்தது. முதலாளியின் பங்கை அது தொடவில்லை. 2025 அக்டோபரில் இந்நிபந்தனைகளை வெகுவாகத் தளர்த்தவும், ஒரு பகுதி எப்போதும் கணக்கில் மிஞ்சியிருக்கச் செய்யவும் அந்நிதியின் அறங்காவலர் குழு முடிவு செய்தது. மலேசியாவிலும் கல்விக்காக எடுக்க வழியுண்டு. சிங்கப்பூரின் வழி தனி. அங்கே பெற்றோரின் மத்திய சேமநிதியிலிருந்து பிள்ளையின் கல்விக் கட்டணம் செலுத்தப்படலாம். ஆனால் அது கடன். படிப்பு முடிந்தபின் பிள்ளை வட்டியோடு பெற்றோரின் கணக்கில் திருப்பிச் செலுத்த வேண்டும்.

தாய்க்கும் மகனுக்கும் இடையே கடன் பத்திரமா என்று நம்மிற் பலர் முகஞ்சுளிப்பர். பாசத்தைக் கணக்கேட்டில் எழுதுவதா என்பர். நாமும் அத்திட்டத்தை முழுமனத்தோடு போற்றவில்லை. வேலையற்ற பட்டதாரிகள் கண்டி நகர வீதிகளில் ஊர்வலம் போன நாட்டில், படிப்பு முடிந்த மறு ஆண்டே திருப்பிக்கொடு என்பது கொடுமையாகும். ஆனால் அத்திட்டத்திலே ஒரு நேர்மை இருக்கிறது. தாயின் பணம் தாயினுடையதே என்பதை அது மறக்கவில்லை. எழுதப்படாத கடன் நம் வீடுகளில் வேறு உருவத்தில் வசூலாகிறது: ‘உன்னை எப்படிப் படிக்க வைத்தோம்’ என்ற சொல்லாக, மணமகன் சந்தையில் கேட்கும் சீதனமாக, தங்கையின் படிப்பு நின்ற கதையை ஆயுள் முழுதும் சுமக்கும் அண்ணனின் குற்றவுணர்வாக. எழுதப்பட்ட கடனுக்கு ஒரு முடிவு உண்டு. இதற்கு முடிவில்லை.

எனவே நம் கருத்தைக் கூறுகிறோம். மறுப்போர் மறுக்கட்டும். திருத்தச் சட்டம் வீட்டையும் நோயையும் ஏற்றதுபோல் கல்வியையும் ஏற்கவேண்டும். ஆயின் தொழிலாளியின் சொந்த 8 வீதச் சந்தாவும் அதன் வட்டியும் மாத்திரமே அதற்குத் திறக்கவேண்டும். மற்றப் 12 வீதம் முதுமைக்கெனத் தொடப்படாதிருத்தல் வேண்டும். அதுவும் தொழிலாளியின் உழைப்பே என்று மேலே சொன்னோம். அதையே காரணமாகக் காட்டி முழுவதையும் திறக்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். பணம் எவருடையது என்பதில் நமக்கு ஐயமில்லை. எந்தப் பகுதியையும் எடுக்கும் உரிமை அவளுக்கு உண்டென்றால், எந்தப் பகுதியையும் கேட்கும் துணிவு மற்றவர்க்கு வந்துவிடும். மகனுக்கு, மருமகனுக்கு, கல்லூரி முகவனுக்கு. எவரும் கேட்க முடியாத ஒரு பங்கு இருப்பது அவளுக்குக் கேடயம். இந்தத் திறப்பு அரச பல்கலைக்கழக, ஆசிரியர் கல்வியியற் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி மாணவரின் வாழ்க்கைச் செலவுக்கே முதலிற் பயன்படவேண்டும். தனியார் கல்லூரியின் கட்டணத்துக்கென்றால், அக்கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் முன்னே வரவேண்டும். இத்தனையும் தற்காலிக ஏற்பாடே. கண்டி மாவட்டத் தோட்டப் பிள்ளையை நகரப் பிள்ளையோடு ஒரே பங்கில் நிறுத்தும் அனுமதி முறை மாறாமலும், லயத்தறைக்குப் பதில் நிலவுரிமை கிடைக்காமலும், தாயின் சேமிப்பைப் பிள்ளைக்கு மாற்றிக்கொடுப்பது ஒரு வறுமையை எடுத்து இன்னொரு வறுமையின் ஓட்டையை அடைப்பதாகவே இருக்கும்.

சட்டம் திருந்துமுன்னரே செய்யத்தக்கதும் உண்டு. அரசுக்குச் சொந்தமான தோட்ட நிறுவனங்கள், மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் உள்ளிட, தொழிலாளர்க்குச் சேமலாப நிதிச் சந்தாவைச் செலுத்தாது நிலுவை வைத்திருந்தமை பாராளுமன்றத்திலேயே பலமுறை பேசப்பட்டது. கண்டி மாவட்டத் தோட்டங்கள் பல அவற்றின் கீழேயே இருந்தன. சம்பளத்திற் கழித்த பணம் நிதிக்குப் போய்ச் சேராவிட்டால், அதை எடுக்கலாமா எடுக்கலாகாதா என்ற நம் விசாரணை முழுவதும் ஆகாயத்திற் கோட்டை கட்டுவதாகும். சந்தா சேர்ந்ததா என்று கேட்டறியத் தொழிலாளிக்கு உரிமையுண்டு. கேட்கத் தெரிந்தவர்கள் அருகில் இல்லை.

அந்த இடத்திலே ஆசிரியரின் துணை வேண்டும். மலையகத்துப் பெயர்கள் செக்ரோலில் ஒருவிதமாகவும், பிறப்புச் சான்றிதழில் வேறுவிதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டிருக்கின்றன. ‘முத்தம்மா’ ஒரு தாளில் ‘முத்தாயி’. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னே, மற்றோரிடத்திற் காணவே காணோம். ஐம்பது வயதிற் பணத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இது தெரியவருகிறது. கண்டித் தொழில் அலுவலகத்துக்கும் கிராம சேவகரிடமும் தோட்டக் காரியாலயத்துக்கும் மாதக்கணக்கில் நடக்க நேர்கிறது. பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்க வரும் நாளில் சான்றிதழை வாங்கிப் பார்க்கும் ஆசிரியர், தாயின் அடையாள அட்டையையும் சேமலாப அட்டையையும் அதே மேசையில் வைத்து ஒப்பிட்டு, பெயர் மாறியிருந்தால் எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாளோடு போகவேண்டுமென்று எழுதிக் கொடுக்கலாம். மாணவர் சங்கங்கள் விடுமுறையில் இதையே ஒவ்வொரு பிரிவிலும் செய்யலாம். பேராதனையில் இன்று படிக்கும் மலையக மாணவர்களின் தாய்மாரிற் பலர்க்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை; திருத்துவதற்கு அவகாசம் இருக்கிறது.